சட்டாம்பிள்ளையின் லாபம்

கல்லூரி மாணவர் ஒருவர் மாலை நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? நாட்டு நலப்பணித் திட்ட மேடைகளில் இதற்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: தன்னம்பிக்கை வளரும், தலைமைப் பண்பு வளரும். தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியை மேடைப் பேச்சோடு விட்டுவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, 68.5 விழுக்காட்டோடு கடைசியில் நின்ற மாவட்டம் இது. பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இங்கே பலர். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அதே தெருவில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தால் உண்டு. அந்த அக்காவுக்கும் அரியர் இருக்கும், வீட்டு வேலை இருக்கும். அவர் கொடுக்கும் நேரத்துக்கு ஈடாக மெய்யாகவே ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆய்வுகள் சொல்வது மேடைப் பேச்சுக்கு ஏறக்குறைய நேர்மாறு. மாணவர் மாணவருக்குக் கற்பிப்பது பற்றிய 65 ஆய்வுகளைக் கோஹன், குலிக் தம்பதி ஆகிய மூவரும் 1982-இல் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பித்தவர்களின் பாட அறிவு கூடியிருந்தது. பாடத்தின் மீதான விருப்பமும் கூடியிருந்தது. தன்னைப் பற்றிய மதிப்பீட்டில்தான் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. பாட அறிவு எப்படிக் கூடுகிறது என்பதற்கு 2007-இல் ராஸ்கோவும் மிஷலின் சீயும் எழுதிய கட்டுரை விளக்கம் தருகிறது. சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் தெரிந்ததை அப்படியே ஒப்பிக்கிறார். அதில் அவருக்கு ஆதாயம் குறைவு. எதிரில் இருப்பவர் கேள்வி கேட்டு மடக்கும்போதுதான் யோசிக்கிறார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது என்று வையுங்கள். 2-இலிருந்து 7 போகாது, அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டுவிட்டது. "பக்கத்திலிருந்து ஒன்று கடன் வாங்கு, பன்னிரண்டு ஆகும்" என்று அக்கா சொன்னால் விடை 25 வந்துவிடும். இருவரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். "ரெண்டோட ஒண்ணு சேர்ந்தா மூணுதானேக்கா? எப்படிப் பன்னெண்டு?" என்று பிள்ளை கேட்டால் கதை வேறு. நான்கு ஈர்க்குச்சிக் கட்டுகளில் ஒன்றை அவிழ்த்துப் பத்துக் குச்சிகளாகப் பரப்பிக் காட்டும்போது, பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கைப்பழக்கத்தில் போட்டுவந்த கணக்கின் காரணம் அக்காவுக்கே அப்போதுதான் பிடிபடும். இந்த ஏற்பாட்டின் உண்மையான லாபம் குழந்தையின் கேள்வியில் இருக்கிறது என்பேன். கேள்வி கேட்கப் பயப்படும் குழந்தையிடம் அது கிடைக்காது.

இந்தப் பயத்துக்கு நம்மிடமே நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பெரிய மாணவன் சட்டாம்பிள்ளையாகி, சின்னவர்களுக்கு மணலில் அரிச்சுவடி எழுதப் பழக்குவான். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அனாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்த மண்ணில் பார்த்த முறையைத் தன் பள்ளியில் புகுத்தி, 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் ஊர்த் திண்ணை உலகுக்குப் பாடம் சொன்னதாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அங்கே அது விரும்பப்பட்டதற்குச் செலவு குறைவு என்பதே பெரிய காரணம் என்பதைச் சொல்வதில்லை. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் சம்பளமில்லாத சிறுவர்கள். கேள்விக்கு இடமில்லாமல் எல்லாம் ஒப்பித்தலாகச் சுருங்க, 1846-இல் இங்கிலாந்து அரசு வேறு ஏற்பாட்டுக்கு மாறியது. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு வந்தபோது அவன் கற்பதும் நின்றுபோனது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். குழந்தை என்ன, பெரியவர்கள் பழகிப்பார்க்கும் பலகையா? பயிற்சியில்லாத ஒருவரிடம் ஏழைப் பிள்ளையை விட்டுவிட்டு, அவருக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார்ப்பது அறமா? குழந்தைக்கு நன்மை இல்லையென்றால் இந்த விவாதமே தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நன்மை உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புத் திட்டத்தில் தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ முடித்தவர்களே தன்னார்வலர்களாக இருந்தார்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், கொரோனாக் கால இழப்பிலிருந்து மீண்டதில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் என்று கணக்கிட்டார்கள். ஆனால் அந்த வகுப்புகள் பள்ளிக்கு மேல் கூடுதலாக நடந்தவை. ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்துவிட்டுத் தன்னார்வலரை அனுப்பினால், அது பெல்லின் சிக்கனத்துக்கே திரும்புவதாகும்.

மூன்றாம் வகுப்புக் கழித்தலில் பட்டப்படிப்பு மாணவருக்கு என்ன பெரிய அறிவு என்பவர்களும் உண்டு. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களைக் கேட்டால் தெரியும். பத்தாம் வகுப்புத் தரத்தில் வரும் 25 கணக்கு, திறனறி வினாக்களில்தான் பலர் சறுக்குகிறார்கள்; குறுக்குவழிச் சூத்திரங்களை மனப்பாடம் செய்து சமாளிக்கப் பார்க்கிறார்கள். அடித்தளம் ஆடுகிறது என்பதை ஒரு குழந்தை கேட்கும் ‘ஏன்’ காட்டிக்கொடுப்பதுபோல் எந்தப் பயிற்சி மையமும் காட்டுவதில்லை. என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் வேறொன்று. வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அக்காவின் தலையில்தான் விழுகிறது. ஊர்ப் பிள்ளைகளின் பொறுப்பும் சேர்ந்தால் அவள் படிக்கும் நேரம் எது? லாபம் உண்டு என்பதற்காக யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுவரைதான் என்னால் சொல்ல முடிகிறது.

விருப்பத்தோடு வருபவர்களுக்காவது ஏற்பாடு சரியாக இருக்கலாம். நாட்டு நலப்பணித் திட்டம் ஆண்டுக்கு 120 மணி நேரம் கேட்கிறது. ஏழு நாள் முகாமும் உண்டு. ஏழு நாளில் மரம் நடலாம், சாக்கடை தூர்வாரலாம். ஒரு குழந்தை பயம் தெளிந்து "புரியலைக்கா" என்று சொல்வதற்கே அதைவிட நாளாகும். முகாமுக்கு முகாம் ஊர் மாற்றாமல், அதே இரண்டு மூன்று பிள்ளைகளை ஒரு கல்வியாண்டு முழுக்க ஒருவரிடம் விடலாம். மணி நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில், அன்று பிள்ளை கேட்ட ஒரு கேள்வியையும் அதற்குச் சொன்ன பதிலையும் எழுதச் சொல்லலாம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு பொய்யாக எழுதிவிடமாட்டார்களா என்றால், எழுதலாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த இடத்தில் தட்டும் என்று ஊகித்து எழுதப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தைப் பொய்யாக எழுத அது தேவையில்லை.