கசிவா, சிந்தலா?

எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தபோது நம் நாளிதழ்கள் பல 'எண்ணெய்க் கசிவு' என்று தலைப்பிட்டதைப் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் லீக், ஸ்பில் என இரு சொற்கள் உண்டு. இரண்டையும் 'கசிவு' என்றே பெயர்ப்பது சரியா?

லீக் என்பது கலத்தின் குறையைச் சொல்லும் சொல். அடைத்து வைத்த பொருள் துளை வழியே வெளியேறுகிறது. துளையின் பரப்பும், உள்ளும் புறமுமுள்ள அழுத்த வேறுபாடும் அதன் வேகத்தை முடிவு செய்யும். நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்று அளப்போம். ஸ்பில் என்பதோ வெளியே வந்து பரவிவிட்ட திரவத்தைக் குறிப்பது. எத்தனை டன், எவ்வளவு பரப்பு என்பதே அங்கு கேள்வி. வால்வை மூடினால் லீக் நிற்கும். ஸ்பில்லை அள்ளித்தான் தீரவேண்டும்.

நம் ஊர் நிகழ்ச்சிகளையே பாருங்கள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வெளியேறியது. அது லீக். 2017 ஜனவரி 28-இல் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெயை மக்கள் வாளியால் அள்ளினர். அது ஸ்பில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலிப் பகுதி எண்ணெயைக் கொசஸ்தலை ஆற்றுக்கு அடித்து வந்தது. இத்தகைய நேரத்தில் "குழாயில் கசிவு உண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்ற விடை முற்றிலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் மீனவரின் வலையிலும் படகிலும் எண்ணெய் அப்பியிருக்கும்! கேள்வியில் சொல் பிழைத்தால் விடையும் வழி தவறும்.

தமிழில் சொற்பஞ்சமா? இல்லை. மண்பானை கசிகிறது; கூரை ஒழுகுகிறது; பால் சிந்துகிறது. கசிவு என்றால் ஈரம் ஊறுவதுபோன்ற சிற்றளவே மனத்தில் தோன்றும். ஆனால் 1,000 லிட்டர் எண்ணெய், 1 மைக்ரான் தடிப்பில் பரவினால், 1 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை மூடிவிடும். இதைக் கசிவு என்று சொல்லலாமா?

எனவே லீக்குக்கு 'ஒழுக்கு' என்றும், ஸ்பில்லுக்கு 'சிந்தல்' என்றும் எழுதலாம். 'வாயுக்கசிவு' வழக்கில் ஊன்றிவிட்டது, அது இருக்கட்டும். எண்ணெய்க்கு மட்டுமாவது சரியான சொல்லை வழங்குவோம். எவ்வளவு சிந்தியது, யார் அள்ளுவது என்று கேட்க அந்தச் சொல்லே நமக்குக் கற்றுக்கொடுக்கும்.