சீட்டுப் பிடிக்கும் அம்மாவுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர்?

வில்லியனூரில் மாலை வேளையில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமத்துப் பெண்கள். பிரெஞ்சு தெரிந்தால் நகரத்து ஓட்டல் வரவேற்பறையில் வேலை கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் பாடநூலில் ‘வணிகப் பண்பாடு’ என்றொரு பாடம் உண்டு. எப்படிக் கைகுலுக்குவது, ‘வூ’விலிருந்து ‘த்யூ’வுக்கு எப்போது மாறலாம், சாப்பாட்டு மேசையில் வியாபாரப் பேச்சை எப்போது எடுப்பது என்று சொல்லித்தரும். படத்தில் பேரம் பேசுகிறவர்கள் இரண்டு ஆண்கள். தொலைபேசியை எடுத்து இணைப்புக் கொடுப்பவள் பெண்.

‘உங்கள் வீட்டில் யார் வியாபாரம் செய்கிறார்கள்?’ என்று கேட்டேன். ‘யாருமில்லை’ என்றார்கள். கொஞ்சம் தோண்டியதும் வெளியே வந்தது: ஒருத்தியின் அம்மா கருவாட்டுக் கூடை சுமக்கிறார். இன்னொருத்தியின் அம்மா நடவுக்கு ஆள் திரட்டி, ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலக்காரரிடம் பேசி முடிக்கிறார். மூன்றாமவளின் அம்மா தெருவில் இருபது பேருக்குச் சீட்டுப் பிடிக்கிறார். ‘அதெல்லாம் வியாபாரமா மிஸ்?’ என்றாள் அவள்.

இந்தக் கேள்வியை அவளிடம் உண்டாக்கியது பாடநூல் மட்டுமல்ல. ‘நம்மூர் வணிகப் பண்பாட்டையும் சேர்ப்போம்’ என்று பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் கை நீட்டுவது ஆனந்தரங்கப் பிள்ளையிடம்தான். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு அருமையான ஆவணம். கப்பல் வரவு, துணி விலை, நசர், கவர்னரின் மனநிலை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அந்தத் துணிக்கு நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கணக்கில் வராத கைகள்.

அதில் பெயரோடு நடமாடும் பெண் துய்ப்ளேக்ஸின் மனைவி ழான். புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் தெரிந்தவர், நிர்வாகத்தில் கை வைத்தவர். பிள்ளையின் எழுத்தில் அவர் பேராசைக்காரர், குறுக்கே நிற்பவர். அவரை நல்லவர் என்று நிறுவ நான் வரவில்லை. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதில் அவருடைய பங்கைப் பிள்ளை வேதனையோடு எழுதியிருக்கிறார். நான் கேட்பது வேறு. இரண்டு மொழி தெரிந்து, அதிகாரத்துக்கு நடுவில் நின்று, காசும் செல்வாக்கும் சேர்த்த ஆணுக்குத் துபாஷி என்ற பட்டம் கிடைத்தது. அதையே செய்த பெண்ணுக்கு ஏன் சூழ்ச்சிக்காரி என்ற பெயர் மட்டும் மிஞ்சியது? வகுப்பில் நாட்குறிப்பை வாசிப்பதானால் இந்தக் கேள்வியோடுதான் வாசிக்க வேண்டும்.

பிரெஞ்சுப் பக்கத்தையும் இதே கண்ணால் பார்ப்போம். பாடநூல் காட்டும் நாகரிகம் ஆதிகாலத்திலிருந்து அப்படியே வந்தது போலத் தோன்றும். ஆனால் பிரான்சில் மணமான பெண், கணவன் சம்மதமில்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் வேலைக்குப் போகவும் 1965ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. அரசுப் படிவங்களிலிருந்து ‘மத்முவாசேல்’ என்ற சொல்லை விலக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது 2012இல். ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் அவள் கல்யாணம் ஆனவளா என்று எழுதிக் கேட்கும் வழக்கம் அதுவரை அங்கேயும் இருந்தது. இதைச் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பண்பாடு என்பது யாரோ போராடி மாற்றக்கூடியது என்று அவர்களுக்குப் பிடிபட்டது அப்போதுதான்.

சீட்டுக்கு வருவோம். பிரெஞ்சில் அதற்குச் சொல் இருக்கிறது: தோந்தின். 17ஆம் நூற்றாண்டில் லொரென்சோ தோந்தி என்ற இத்தாலியர் பிரெஞ்சு அரசுக்கு முன்வைத்த வேறொரு நிதித் திட்டத்திலிருந்து பிறந்த பெயர். இன்று செனகலிலும் கேமரூனிலும் பிரெஞ்சு பேசும் பெண்கள் மாதாமாதம் பணம் போட்டுச் சுற்றில் எடுப்பதற்கு அதுதான் பெயர். நம் தெருச் சீட்டின் கூடப்பிறந்தது. ஆனால் எங்கள் பாடநூலின் பிரெஞ்சு உலகம் பாரிஸ் அலுவலகத்தோடு முடிந்துவிடுவதால், தாக்காரில் சீட்டுப் பிடிக்கும் பெண்ணும் வில்லியனூரில் சீட்டுப் பிடிக்கும் பெண்ணும் ஒரே மொழி வகுப்பில் சந்திக்க வழியில்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கருவாட்டுக் கூடையைச் சுற்றுலாப் படமாக்கி, ‘எங்கள் வண்ணமயமான சந்தை’ என்று பிரெஞ்சில் வர்ணிக்கச் சொல்லலாம். வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லிவிட்டு, மண் பிசைந்து, காயவைத்து, சுமக்கிற பெண்ணுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்காமல் விடலாம். சீட்டை ஒற்றுமையின் அடையாளமாக்கிவிட்டு, ஒருத்தர் பணம் கட்டாமல் போனால் பிடித்தவளின் தாலிக்கொடி அடகுக்குப் போவதை மறைக்கலாம். வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதும் வட்டார வணிகப் பண்பாடுதான். அதையும் பிரெஞ்சில் சொல்லத் தெரிய வேண்டும்.

சென்ற வாரம் அம்மாக்களின் பேரத்தைப் பிரெஞ்சில் எழுதச் சொன்னேன். நடவுக்காரரின் மகள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள்: ‘கட்டுப்படியாகாது.’ ‘முடியாது’ என்று போட்டுப் பார்த்தாள், ‘பிடிக்கவில்லை’ என்று போட்டுப் பார்த்தாள். இரண்டிலும் அம்மா போட்ட கணக்கு காணாமல் போனது. கடைசியில் ஆள் எத்தனை, கூலி எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, கையில் மிஞ்சுவது என்ன என்று நான்கு வரி எழுதினாள். வாசித்துவிட்டு, ‘இது வியாபாரம்தான் மிஸ்’ என்றாள்.