பேசும் டால்ஃபினும் 1965-ம் வருஷமும்

'தி டே ஆஃப் தி டால்ஃபின்' (1973) படத்தை மறுபடியும் பார்த்தேன். மைக் நிக்கோல்ஸ் இயக்கியது. ராபர்ட் மெர்ல் எழுதிய பிரெஞ்சு நாவல்தான் மூலக்கதை. விஞ்ஞானியாக வரும் ஜார்ஜ் சி. ஸ்காட்டிடம் ஃபா, பீ என்ற இரண்டு டால்ஃபின்கள் மழலை ஆங்கிலம் பேசும். ஒரு கும்பல் அவற்றை வைத்து அமெரிக்க ஜனாதிபதியின் படகுக்கு வெடி வைக்கப் பார்க்கும்.

முதல் கோளாறு குரலில். டால்ஃபினுக்குச் சத்தம் வாயிலிருந்து வருவதில்லை. தலைமேல் இருக்கும் மூச்சுத்துளைக்குக் கீழே, மூக்குப் பாதையிலுள்ள மடிப்புகள் அதிர்ந்துதான் வருது. உதட்டைச் சேர்த்து 'பா' சொல்லும் வேலையே அங்கு கிடையாது.

இதைப் படக்காரர்கள் சும்மா கிளப்பிவிடவில்லை. 1965-ல் ஜான் லில்லியின் திட்டத்தில், செயின்ட் தாமஸ் தீவில் தண்ணீர் நிரப்பிய வீடு ஒன்றில் மார்கரெட் ஹோவ் பத்து வாரம் பீட்டர் என்ற டால்ஃபினோடு தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பீட்டருக்கு ராகம் ஓரளவு பிடிபட்டது. பேச்சு வரவில்லை.

அதே 1965-ல் இன்னும் இரண்டு விஷயம் நடந்தது. ஒவ்வொரு டால்ஃபினுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு என்று கால்டுவெல் தம்பதி எழுதினார்கள். கிட்டத்தட்ட அதன் பெயர் மாதிரி. கலிபோர்னியாக் கடலடியில் சீலேப்-2-வில் தங்கியிருந்தவர்களுக்கு டஃபி என்ற கடற்படை டால்ஃபின் கருவிகளும் தபாலும் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாமலே!

மூன்றில் படம் எடுத்துக்கொண்டது தோற்றுப்போன ஒன்றை. என் குறை இதுதான்: நம்மைப் போலப் பேசினால்தான் அறிவு என்று படம் நம்புகிறது. பின்னால் ஹவாயில் லூயிஸ் ஹெர்மன் இதைத் தலைகீழாக்கினார். டால்ஃபினைப் பேசச் சொல்லவில்லை, புரிகிறதா என்று மட்டும் பார்த்தார். அகேயகமாய் என்ற டால்ஃபின் கைச்சைகைகளின் வரிசையைப் படித்து, எந்தப் பொருளை எதனிடம் கொண்டுபோக வேண்டும் என்று சரியாகச் செய்தது. வரிசை மாறினால் அர்த்தம் மாறும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

ஒரு விஷயத்தில் படத்துக்கு மார்க் கொடுத்தே ஆகணும். டால்ஃபின் நாம் சொல்வதைக் கேட்கும் என்று தெரிந்ததும் மனுஷன் அதன் கையில் வேலையைத் திணிப்பான் என்று சொன்னது. அமெரிக்கக் கடற்படை நிஜமாகவே கண்ணிவெடி தேட டால்ஃபின்களைப் பழக்கியது. கடைசியில் ஸ்காட், இனி மனிதர்களிடம் பேசவே வேண்டாம் என்று அவற்றைக் கடலுக்கு விரட்டுவார். விஞ்ஞானம் தப்பான அந்தப் படத்தில், எனக்குத் தப்பில்லாமல் பட்ட காட்சி அதுதான்.