கில்லி, சாகுந்தலம், ஒரு கோடைக்கால வழக்கு

1

பிடிக்காத படத்தைப் பற்றி நம் ரசிகர்கள் வைக்கும் புகார்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடைசியில் இரண்டுதான் தேறும். ‘கதையை மாத்திட்டாங்க’ என்பது ஒன்று. ‘ஒண்ணுமே மாத்தல, அப்படியே திருப்பி எடுத்து வச்சிருக்காங்க’ என்பது இன்னொன்று.

2023 ஏப்ரல் 28 அன்று ‘பொன்னியின் செல்வன் 2’ வந்தபோது முதல் புகாரை நிறையக் கேட்டோம். கல்கியின் நாவலில் பூக்கட்டும் சேந்தன் அமுதன்தான் உண்மையான உத்தம சோழன் என்று கடைசியில் முடிச்சு அவிழும். படத்தில் அந்த முடிச்சே இல்லை. ஐந்து பாகத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். 2019-ல் டிஸ்னி ‘தி லயன் கிங்’கைத் திரும்ப எடுத்தபோது இரண்டாவது புகார். 1994-ல் கையால் வரைந்ததை ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி கணினியில் செய்திருந்தார்கள். அதற்கும் ‘ஏமாத்திட்டாங்க’தான்.

இரண்டையும் ஒரே ஆள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உடனே நம்மில் படித்தவர்கள் சிரிப்பார்கள்: ‘மாத்தினாலும் குத்தம், மாத்தலைன்னாலும் குத்தம்.’ எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. இரண்டு வாக்கியமும் ஒரே இழப்பைத்தான் சொல்ல வருகின்றன, அதற்குச் சரியான பெயர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ரசிகனின் ஏமாற்றமும் ஒரு விமர்சனம். கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்லப்பட்ட விமர்சனம்.

இந்த வழக்கை நான் அதிகம் கேட்டது ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும். இரண்டு ஊருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். முழுப்பரீட்சை லீவு விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போவது இங்கே இன்னும் ஒரு சடங்கு. ராஜபாளையம் நூற்பாலை ஊர். ராஜுக்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். தமிழில் ரீமேக் ஆன படத்தின் தெலுங்கு மூலத்தை முன்னாலேயே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இங்கே உண்டு. அவர்களிடம் ‘மூலம் எது, நகல் எது’ என்று கதைவிட முடியாது.

2

2024 கோடையை நினைத்துப் பாருங்கள். பெரிய நட்சத்திரப் படங்கள் அநேகமாக இல்லாத ஏப்ரல். அந்த மாதம் 20-ஆம் தேதி ‘கில்லி’ மறுபடி திரைக்கு வந்தது. 2004-ல் வந்த படம். எல்லா வசனமும் தெரிந்த கூட்டம் திருவிழா மாதிரி வந்து குவிந்தது. புதுப் படங்கள் செய்ய முடியாததை இருபது வருடப் பழைய படம் செய்தது என்று எல்லோரும் எழுதினோம். பழைய நினைவு, விஜய், பாட்டு என்று காரணமும் சொன்னோம்.

நாம் கவனிக்காத ஒன்று உண்டு. ‘கில்லி’ ஒரு ராஜா ராணிக் கதை. ஓர் அரக்கன் இருக்கிறான். ஒரு பெண்ணைக் கட்டியே தீருவேன் என்று அவள் அண்ணன்மாரையே கொன்றவன். வேற்றூரிலிருந்து விளையாட வந்த ஒருத்தன், அரக்கனை அடித்துப்போட்டு அவளைத் தப்புவிக்கிறான். அவளை எங்கே ஒளித்துவைப்பது? பாட்டி கதையில் ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகை இருக்கும். இங்கே அவன் வீட்டு மாடி அறை. அப்பா போலீஸ் அதிகாரி. வாய் நிற்காத ஒரு தங்கச்சி. குகையைக் காக்கும் பூதங்கள் இவர்கள்தான்.

ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இதை என்னைவிட நன்றாகச் சொன்னான்: “அண்ணே, அதுல முத்துப்பாண்டிகிட்ட எனக்குப் பயமே இல்ல. அந்தப் பிள்ள மாடியில இருக்கும்போது அப்பா படியேறி வாராருல்ல, அதுதான் பயம். எங்கப்பா வந்து கதவத் தட்டுன மாதிரியே இருக்கும்.”

‘கில்லி’ ரீமேக் என்பது எல்லோருக்கும் தெரியும். மூலம் 2003-ல் வந்த தெலுங்கு ‘ஒக்கடு’. எழுதி இயக்கியவர் குணசேகர், இசை மணிசர்மா. அதே குணசேகர் சரியாக இருபது வருடம் கழித்து, அதே மணிசர்மாவை வைத்துக்கொண்டு இன்னொரு படம் எடுத்தார். 2023 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று தமிழிலும் வந்தது: ‘சாகுந்தலம்’. சமந்தா, 3டி, காளிதாசன். இந்த முறை அவர் எடுத்தது பெயரும் பட்டமும் உள்ள அசல் பழங்கதை. படம் வந்த சுவடு தெரியாமல் போனது.

என் கேள்வி இதுதான். பழங்கதை என்று சொல்லாமலே ஒரு பழங்கதையை உயிரோடு சொல்லத் தெரிந்த ஒருவருக்கு, பழங்கதை என்று பலகை மாட்டியதும் என்ன ஆயிற்று? திறமை குறைந்துவிட்டது என்பது சோம்பேறிப் பதில்.

3

சகுந்தலை கதையே ஒரு ரீமேக்தான். மகாபாரதத்தில் இந்தக் கதைக்குச் சாபமும் கிடையாது, மோதிரமும் கிடையாது. துஷ்யந்தனுக்கு அவளை நன்றாக நினைவிருக்கிறது. ஊர் என்ன பேசுமோ என்று, தெரியாதவன்போல மறுக்கிறான். அவள் பிள்ளையோடு சபையில் நின்று அவனிடம் வாதாடுகிறாள். அசரீரி ஒலித்த பிறகே ஏற்றுக்கொள்கிறான். காளிதாசன் இதைத் தலைகீழாக மாற்றினான். துர்வாசரின் சாபத்தைக் கொண்டுவந்தான், மீன் வயிற்றில் மோதிரத்தை வைத்தான். பொய் சொன்ன அரசன் மறதியால் வாடும் காதலனாக ஆனான். நாடகம் மறதியையும் நினைவையும் பற்றியதாக மாறியது. ஆகவே ‘மாத்திட்டாங்க’ என்று முதலில் புகார் சொல்லவேண்டியது காளிதாசனைத்தான். யாரும் சொல்வதில்லை. மாற்றியதற்கு அவனிடம் ஒரு காரணம் இருந்தது.

காளிதாசன் எங்கே நிதானிக்கிறான் என்று பாருங்கள். நான்காம் அங்கத்தில் சகுந்தலை புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். ஆசிரமத்து மான்குட்டி ஒன்று அவள் ஆடையைப் பிடித்து இழுக்கிறது. தாயில்லாத குட்டி. வாயில் தர்ப்பை குத்திய புண்ணுக்கு எண்ணெய் தடவி அவள் வளர்த்தது. அந்த மான் அங்கே அழகுக்காக நிற்கவில்லை. பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும் எந்தப் பெண்ணுக்கும் அது என்னவென்று தெரியும்.

படத்தில் மானும் மயிலும் பூவும் திரை கொள்ளாமல் இருந்தன. வெளியே வந்தபின் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. இந்த ஊர்களுக்கு மேற்கே நிஜமான காடு இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆன மலை, 2021-லிருந்து புலிகள் காப்பகம். மலையடிவாரத்துக்காரனுக்குக் காடு என்றால் வியர்வை, முள், பயம். படத்துக் காட்டில் இது எதுவும் இல்லை. யாருமே குடியிருக்காத காடு அது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரியில் தமிழ் படிக்கும் தங்கை ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கோபம் வேறு இடத்தில் இருந்தது. “மறந்துட்டேன்னு சொல்ற ஆம்பளைக்குச் சாபம்னு ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் வேற குடுக்கணுமாண்ணா? 2023-லயும்?” காளிதாசனைக் காப்பாற்றியதால் வந்த ஏமாற்றம் இது. ‘மாத்தல’ என்ற புகாரின் உண்மையான பொருள் இதுதான்: கதையைக் கையில் எடுத்தவர் அதனிடம் தன்னுடைய கேள்வி ஒன்றைக் கேட்கவில்லை.

4

கேள்வி இல்லாத இடத்தைத் தொழில்நுட்பம் வந்து நிரப்பும். 2014 மே 23 அன்று ‘கோச்சடையான்’ வந்தது. ரஜினியின் அசைவுகளை மோஷன் கேப்சரில் பிடித்துக் கணினி உருவத்துக்கு மாற்றினார்கள். நாற்பது வருடமாக இந்த ஆளின் நடை, கைவேகம், ஒரு சின்னத் தலைத் திருப்பல்தான் தமிழ் சினிமாவின் ஆகப்பெரிய ஸ்பெஷல் எஃபெக்ட். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பொம்மையை நடக்கவிட்டார்கள். சிங்கங்களுக்கும் இதே கதிதான். நிஜச் சிங்கம்போலவே இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் சிம்பாவின் முகத்தில் துக்கம் வரமறுத்தது. தமிழில் சித்தார்த்தும் அரவிந்த்சாமியும் குரலால் எவ்வளவோ முட்டுக்கொடுத்தார்கள்.

வசூல் இதைச் சொல்லாது. ‘லயன் கிங்’ உலகம் முழுக்க 160 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. 2025 மார்ச்சில் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ செய்த செலவைக்கூட வசூலாகப் பார்க்கவில்லை. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. இரண்டிலிருந்தும் வெளியே வந்தவர்களுக்கு நினைவில் வைத்துக்கொள்ள அதிகம் கிடைக்கவில்லை.

இதற்கு எதிராக ஒரு படத்தை வைக்கிறேன். 1957-ல் தமிழிலும் தெலுங்கிலும் வந்த ‘மாயாபஜார்’. மகாபாரத மாந்தர்களை வைத்துக்கொண்டு, வியாசர் எழுதாத ஒரு கல்யாணக் கதையைச் சொன்ன படம். பாண்டவர்கள் ஐந்து பேரும் திரையில் தலையே காட்டமாட்டார்கள்! போர் கிடையாது. அபிமன்யுவுக்கு வத்சலா என்று பேசிவைத்த சம்பந்தம், பாண்டவர்கள் சொத்து இழந்ததும் முறிகிறது. வசதி போனதும் சொன்ன சொல்லை மறக்கும் மாமன் வீடு. இது எந்தத் தெருவில் நடக்காதது? கடோத்கஜன் ஒரே ஆளாகக் கல்யாண விருந்தைக் காலிசெய்யும்போது நாம் கைதட்டுவது மாயாஜாலத்துக்கு மட்டுமல்ல. பேச்சு மாறிய சொந்தக்காரனின் பந்தி அப்படிக் கவிழவேண்டும் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை இருக்கிறது.

5

இந்த இடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லவருவது தெரிந்திருக்கும். இந்த ஊரிலேயே ஒரு மறுஆக்கம் நடந்திருக்கிறது. திருப்பாவை.

கண்ணன் கதை வடக்கே யமுனைக் கரையில் நடந்தது. ஆண்டாள் அதை எடுத்து என்ன செய்தாள்? வைணவ உரைமரபு சொல்வது இது: வில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், தன்னையும் தோழிகளையும் இடைச்சிகளாகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் வீடாகவும் அவள் பாவித்தாள். பாவனை முற்றி, இடைச்சியின் நடையும் பேச்சும், மேலில் வீசும் முடைநாற்றமும்கூட அவளுக்கு வந்துவிட்டது என்கிறார்கள். முடைநாற்றம்! நெய்யும் தயிரும் பழகிய உடம்பின் வாடை. எந்தப் பட்ஜெட்டிலும் வாங்கமுடியாத எஃபெக்ட் அது.

முப்பது பாட்டில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை, பத்துப் பாட்டு, தூங்குகிற பெண்களை எழுப்புவதற்கே போய்விடுகிறது. கேலி, அதட்டல், வாசலில் நின்று ஏச்சு. அவதாரச் சாகசங்கள் போகிறபோக்கில் ஒரு வரியில், இரண்டு வரியில் வந்துபோகின்றன. மலையைக் குடையாகப் பிடித்தவனின் கதையை, மார்கழிக் குளிரில் பாயைவிட்டு எழுந்திருக்க மனசில்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதையாக ஆக்கிவிட்டாள்.

மறுஆக்கம் என்பது இதுதான் என்று நினைக்கிறேன். தூரத்துக் கதையை நம் தெருவுக்குக் கூட்டிவருவது. ‘மாயாபஜார்’ பாரதத்தைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிவந்தது. ‘கில்லி’ ஏழு கடலுக்கு அப்பால் இருந்த குகையை மாடி அறைக்குக் கொண்டுவந்தது. ‘சாகுந்தலம்’, ‘கோச்சடையான்’ வகைப் படங்கள் எதிர்த்திசையில் போகின்றன. கதை ஏற்கெனவே இருந்த தூரத்தை இன்னும் உயர்த்தி, அகலப்படுத்தி, 3டி கண்ணாடி மாட்டிப் பார்க்கச் சொல்கின்றன. ரசிகன் தேடுவது தன் வீட்டு வாசலை. அதுதான் அவனுக்குப் பெயர் தெரியாத அந்த இழப்பு.

6

இதையெல்லாம் சொன்னபோது மில் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. “நைட் ஷிஃப்ட் முடிச்சு, பொண்டாட்டி பிள்ளையோட மூணு மணி நேரம் ஏ.சி.ல உக்காரப் போறவன்ணே நானு. எனக்குப் பிரம்மாண்டம்தான் வேணும். வீட்டு வாசல் வீட்லயே இருக்குல்ல?”

நியாயமான அடி. பிரம்மாண்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. 1948-ல் ‘சந்திரலேகா’வின் முரசுகள் மேல் பெண்கள் ஆடியது பிரம்மாண்டம்தான். ஆனால் அந்த முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருந்தார்கள். அளவுக்குள் ஒரு ரகசியம் இருந்தது, அடுத்து என்ன என்ற பதைப்பு இருந்தது. குடும்பத்தோடு போகிறவன் கொடுக்கும் டிக்கெட் காசு கிட்டத்தட்ட அவன் ஒருநாள் சம்பளம். அவனிடம் ‘மூளையைக் கழட்டி வச்சிட்டுப் பாரு’ என்று சொல்வது மரியாதை இல்லை.

என் வாதத்துக்கு உண்மையான சிக்கல் வேறொரு படத்தில் இருக்கிறது. 2015 மே மாதம் வந்த ‘உத்தம வில்லன்’. சாவு நெருங்கிய நடிகன் ஒருவன், சாகாவரம் பெற்றவன் என்று ஊர் நம்பும் ஒருவனின் கதையைச் சிரிப்புப் படமாக எடுக்கிறான். இதைவிடப் பெரிய கேள்வியை ஒரு பழங்கதையிடம் யார் கேட்டுவிட முடியும்? ஆனாலும் கோடைக் கூட்டம் அதைக் கைவிட்டது. கேள்வி மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி. நடிகனின் வீட்டில் நடக்கும் பாதியில் கமலும் பாலசந்தரும் நம்மைக் கரைத்துவிடுகிறார்கள். ராஜா கதைப் பாதியை, அதை எடுத்தவர்களே முழுசாக நம்பாததுபோல இருக்கிறது. பாட்டி கதை சொல்லும்போது ஒருநாளும் தன் கதையைப் பார்த்து ஓரக்கண்ணால் சிரிக்கமாட்டாள். அதனால்தான் நாம் ‘உம்’ கொட்டினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தங்கை இதையும் மறுக்கிறாள். ராஜா கதைப் பாதிதான் அவளுக்குப் பிடித்ததாம். இன்னும் பேசித் தீரவில்லை. ஆனால் நாங்கள் மூன்று பேரும் ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு. சாபமும் மோதிரமும் இல்லாத அந்தப் பாரதத்துச் சகுந்தலையை யாராவது எடுக்கட்டும். கைப்பிள்ளையோடு ஒருத்தி, தெரியாது என்று சொல்லும் ஒருத்தன், வேடிக்கை பார்க்கும் ஊர். 3டி வேண்டாம், மயில் வேண்டாம். நடு மே மாதத்தில் வெளியிட்டாலும் முதல்நாளே போவதாக மில் தம்பி சொல்லியிருக்கிறான், ஏ.சி. மட்டும் ஓடவேண்டுமாம்.