துண்டப் பதிவகங்களின் மறைந்த பகுதி

இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086 செயலியில் செக்மென்ட் ரெஜிஸ்டர் எனப்படும் துண்டப் பதிவகங்கள் நான்கு: சிஎஸ், டிஎஸ், எஸ்எஸ், இஎஸ். பதிவகத்தின் அகலம் 16 பிட். நினைவக முகவரியோ 20 பிட். எனவே துண்ட எண்ணை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் முகவரி கிடைக்கும். பாடநூல்கள் இந்தக் கணக்கை நன்றாகவே சொல்லித்தருகின்றன. தேர்வுக்கு அது போதும். இயங்குதளத்தின் அடிமட்ட நிரலை எழுதப் போதாது.

1982இல் வந்த 80286 செயலியின் பாதுகாப்பு முறையில் அந்த எண் ஓர் அட்டவணையின் வரிசையை மட்டுமே சுட்டுகிறது. பதிவகத்தில் எண்ணை ஏற்றும் கணத்தில், அந்த வரிசையிலுள்ள தொடக்க முகவரி, எல்லை, உரிமைகள் ஆகியவற்றைச் செயலி தன்னுள் மறைவாகப் படியெடுத்துக்கொள்கிறது. பின்னர் அது பார்ப்பது அந்தப் படியைத்தான். அட்டவணையைத் திருத்தினாலும், மறுபடி ஏற்றும்வரை பழைய படியே நிலைக்கும். மாணவர் குறிப்பேட்டில் அடிக்கோடிட வேண்டிய செய்தி இதுவே. பல நூல்களில் இது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

80386 முதலான செயலிகள் இயங்கத் தொடங்கும் விதமே இதற்குச் சான்று. அப்போது சிஎஸ் காட்டும் எண்ணைப் பெருக்கிக் கூட்டினால் 1 மெகாபைட் எல்லைக்கு 16 பைட் முன்னுள்ள இடம் வரும். செயலி முதல் கட்டளையை எடுப்பதோ 4 ஜிகாபைட் எல்லைக்கு 16 பைட் முன்னிருந்து. மறைந்த பகுதியை அறியாதவருக்கு இது மாயமாகவே தோன்றும்.

64 பிட் முறையில் சிஎஸ், டிஎஸ், இஎஸ், எஸ்எஸ் நான்கின் தொடக்க முகவரியும் சுழியமாகவே கொள்ளப்படுகிறது. இதைக் கொண்டு ‘துண்டங்களின் காலம் முடிந்தது’ என்று எழுதுவோர் உண்டு. அது சரியன்று. எஃப்எஸ், ஜிஎஸ் இரண்டும் இன்றும் பயனில் உள்ளன. சிஎஸ்ஸின் கடைசி இரு பிட்கள் இன்னும் அதிகார நிலையைச் சொல்கின்றன.

2018 மே மாதம் வெளியான குறைபாடு இதை உணர்த்தியது. எஸ்எஸ்ஸை மாற்றியதும் அடுத்த ஒரு கட்டளை முடியும்வரை செயலி குறுக்கீடுகளைத் தள்ளிவைக்கும். அடுக்கின் துண்டமும் சுட்டியும் சேர்ந்தே மாற வேண்டும் என்பதால் அமைந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பிழைதிருத்தக் கண்காணிப்பு எழுப்பும் விதிவிலக்கும் உடன் தள்ளிப்போகிறது. கண்காணிப்பில் உள்ள நினைவகத்திலிருந்து எஸ்எஸ்ஸை ஏற்றி, உடனே கெர்னலை அழைக்கும் கட்டளையை இட்டால், கெர்னலின் முதல் கட்டளை ஓடும் முன்பே விதிவிலக்கு எழும். ஜிஎஸ் இன்னும் பயனருடையதாகவே இருக்கும். சேமிக்கப்பட்ட சிஎஸ்ஸை மட்டும் பார்க்கும் கையாளி, ‘கெர்னலிலிருந்தே வந்தோம், ஜிஎஸ் முன்பே மாறிவிட்டது’ என்று ஏமாறும்.

விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி எல்லாம் திருத்தம் வெளியிட நேர்ந்தது. சிலவற்றில் சாதாரணப் பயனர் கெர்னலின் அதிகாரத்தையே பெற வழியிருந்தது. ஆவணங்களை நிரலர்கள் புரிந்துகொண்ட விதமே காரணமாகத் தோன்றுகிறது என்றது அமெரிக்காவின் சிஇஆர்டி ஒருங்கிணைப்பு மையம். ஒரு மாணவர் மட்டும் தவறினால் அவரைக் குறை சொல்லலாம். வகுப்பே தவறினால் பாடத்தைத்தான் பார்க்க வேண்டும். குறுக்கீடு தள்ளிப்போகும் என்று சொன்ன கையேடு, அடுத்த கட்டளை அதிகார எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் அதே பத்தியில் விளக்கியிருக்க வேண்டும்.