'வெயிட்டு' என்னும் சொல்லுக்குத் தொடை தேடல்: தாராவிச் சொல்லிசையும் தமிழ் யாப்பு மரபும்

முன்னுரை

மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை எனத் தொடையின் வகைகளைத் தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்துரைக்கிறது. இவ்வகைப்பாடு தமிழ்ச்சொற்களின் ஒலியமைப்பை அடிப்படையாகக் கொண்டது. தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகள் கலந்து வழங்கும் மும்பைத் தாராவியில் 'ராப்' எனப்படும் சொல்லிசைப் பாடல்கள் தோன்றுகின்றன. இவற்றில் ஆங்கிலச் சொல் ஒன்று அடியின் இறுதியில் நின்று, தனக்கு இயைந்த துணைச்சொல்லை வேண்டும் நிலை ஏற்படுகிறது. அத்துணையைத் தேடித்தருவது ஆங்கில ஒலிமுறையா, தமிழ்ச்செவியா என்னும் வினாவை, 'வெயிட்டு' என்னும் ஒரு சொல்லைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் களமும்

பா. இரஞ்சித் இயக்கத்தில் 2018இல் வெளிவந்த 'காலா' திரைப்படம் தாராவியைக் களமாகக் கொண்டது. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த அப்படத்தின் பாடலாக்கத்தில் தாராவியைச் சேர்ந்த டோப்படெலிக்ஸ் என்னும் சொல்லிசைக் குழுவினர் பங்கேற்றனர். அப்படப் பாடல்களுள் ஒன்று 'செம்ம வெயிட்டு' என்னும் தலைப்புடையது.

'எடை' என்னும் தமிழ்ச்சொல் இருக்க 'வெயிட்டு' எதற்கு என்னும் வினா இங்கு எழலாம். தாராவி, பழம்பொருள்களைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குச் சரக்குக்கு 'வெயிட்டு' உண்டு. ஆளுக்கும் 'வெயிட்டு' உண்டு. பின்னதில் அச்சொல் மதிப்பையும் உறுதியையும் குறிக்கிறது. இப்பொருளை 'எடை' தருவதில்லை. மேலும் 'எடை' என்றதும் தடை, படை, நடை, கடை என எதுகைகள் தாமே வந்து நிற்கும். பலகாலும் பயின்ற அவ்வெதுகைகள் கேட்போர்க்கு வியப்பளிப்பதில்லை.

பிறமொழிச் சொல் செய்யுளுள் புகுவது மரபுக்குப் புறம்பானதன்று. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் ஆகிய நான்கையும் செய்யுள் ஈட்டுதற்குரிய சொற்களாகவே தொல்காப்பிய எச்சவியல் குறிப்பிடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் 'சலாம்' என்னும் சொல்லைத் திருப்புகழ்ச் சந்தத்துள் அமைத்துள்ளமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆங்கில இயைபும் தமிழ்த் தொடையும்

ஆங்கிலத்தில் நிறை இயைபு என்பது, அழுத்தம் பெறும் இறுதி உயிரொலி தொடங்கிச் சொல்லின் முடிவு வரை ஒலி ஒத்தலாகும். அம்முறையில் 'வெயிட்' என்பதற்கு லேட், ரேட், கேட், பிளேட் ஆகியன நிறை இயைபுகள். 'ஹைட்' என்பது எழுத்துக்கூட்டில் 'வெயிட்' போலவே முடியினும் உயிரொலி வேறுபடுதலின் இயைபாகாது. 1775இல் ஜான் வாக்கர் வெளியிட்ட அகராதி சொற்களை இறுதியெழுத்து முறையில் அடுக்கியது. அம்முறையில் ஒலியால் வேறுபட்ட இவ்விரு சொற்களும் எழுத்தால் ஓரினமாகின்றன.

தமிழில் இத்தகைய முயற்சி அதற்கும் முற்பட்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. அதன் தொடைப் பகுதி எதுகை நோக்கிச் சொற்களைத் தொகுத்துத் தருகிறது. ஆங்கில மரபு சொல்லின் இறுதியை நோக்க, தமிழ் மரபு இரண்டாம் எழுத்தை முதன்மையாக நோக்குகிறது. மாதுங்காவை அடுத்த சண்முகானந்தா அரங்கில் கருநாடக இசை கேட்கும் செவியும் இரண்டாம் எழுத்துப் பிராசத்துக்குப் பழகியதே.

யாப்பருங்கலக்காரிகை உரை எதுகையைத் தரப்படுத்துகிறது. முதலெழுத்து அளவொத்து நிற்க, ஏனைய எழுத்துகள் எல்லாம் ஒன்றுவது தலையாகெதுகை. இரண்டாம் எழுத்து மட்டும் ஒன்றுவது இடையாகெதுகை. இனம், வருக்கம் முதலியவற்றால் ஒன்றுவது கடையாகெதுகை. நிறைவு, அண்மை என்னும் படிநிலை தமிழுக்குப் புதிதன்று என்பது இதனால் பெறப்படும்.

'வெயிட்டு' பெறும் துணைகள்

ஆங்கிலச் சொல் தமிழ்ச்செவிக்கு வந்ததும் இரு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, வல்லின ஒற்றில் முடியும் சொல் குற்றியலுகரம் பெறுகிறது. இரண்டாவது, ஆங்கிலத்தில் ஒன்றாயிருந்த உயிரொலி இரண்டாகப் பிரிகிறது. லேட், ரேட், கேட் என்பன ஏகாரம் பெற்று லேட்டு, ரேட்டு, கேட்டு என வழங்க, 'வெயிட்டு' மட்டும் தனித்து நிற்கிறது. எனவே ஆங்கிலத்தின் நிறை இயைபு தமிழில் 'ட்டு' என்னும் ஈற்றளவில் நிற்கும் அண்மை இயைபாகக் குறைகிறது.

இதற்கு மாறாக, அகரமும் யகர மெய்யும் சேர்ந்து ஐகாரம் போல ஒலிக்கும் என்னும் இலக்கணத்தின்படி, ஹைட்டு, நைட்டு, லைட்டு ஆகியன பேச்சில் ஹயிட்டு, நயிட்டு, லயிட்டு என்றே ஒலிக்கின்றன. முதலெழுத்துக் குறிலாக, எஞ்சியன எல்லாம் ஒன்றுதலின், செவிவழி நோக்க இவை 'வெயிட்டு' என்பதற்குத் தலையாகெதுகை ஆகின்றன. ஆங்கிலம் இயைபன்று எனத் தள்ளியதைத் தமிழ் தலையாயதாகக் கொள்கிறது.

தனித்தமிழ்த் துணைகளும் உள. தீயிட்டு, பாயிட்டு என்பவற்றில் முதலெழுத்து நெடிலாதலின் எதுகைக்குரிய அளவு பொருந்தவில்லை. எனினும் 'யிட்டு' என்னும் ஈறு முழுதும் ஒன்றுவதால் அடியிறுதியில் செறிவான இயைபாகின்றன. பாடுவோர் 'வெயிட்டு' என்பதை 'வேட்டு' என நீட்டி ஒலிப்பாராயின், ரேட்டு, சேட்டு, கேட்டு என்னும் வரிசை முழுதும் இயைபாகிவிடும். வெடிப்பொருளும் உடன் தோன்றும். இது நீட்டல் விகாரத்தோடு ஒப்பிடத்தக்கது.

மதிப்பீடு

ஒலி ஒன்றுதல் மட்டும் ஒரு தொடையைச் சிறந்ததாக்குவதில்லை. 'வெயிட்டு – நைட்டு' ஒலியால் நெருங்கினும் பொருளால் வெறுமையானது. 'வெயிட்டு – ரேட்டு' ஒலியால் விலகினும், சுமப்பவன் ஒருவனாகவும் விலை சொல்பவன் வேறொருவனாகவும் இருக்கும் வாழ்வை நினைவூட்டுகிறது. 'வெயிட்டு – பாயிட்டு' சுமந்த உடல் பாய்விரித்துச் சாயும் பொழுதைக் காட்டுகிறது. பிற்கூறிய இரண்டுமே பாடலுக்கு வலிமை தருவன.

குற்றியலுகரம் தரும் எளிமையே இப்பாடல்களுக்கு இடராகவும் அமைகிறது. பாட்டு, பூட்டு, ரோட்டு என எதுவும் 'ட்டு' என முடிந்து இயைந்துவிடுமாயின் இயைபுக்கு மதிப்பில்லை. ஈற்றெழுத்தோடு நில்லாமல் அதற்கு முந்திய உயிரையும் ஒன்றச்செய்யும் பாடலே கேட்போர் நினைவில் நிற்கும்.

முடிவுரை

தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுள் ஆங்கிலம், இந்தி, மராத்தி வழியில் பயில்வோர் பலர். தமிழை எழுத்தால் அறியாத பிள்ளைக்கு அது முதன்மையாகச் செவிமொழியாகவே எஞ்சுகிறது. அச்செவி ஹைட்டையும் வெயிட்டையும் ஓரினமாகக் கொள்ளும்போது, தான் கற்றிராத எதுகை இலக்கணத்தின் வழியே நடக்கிறது. இத்தகைய சொல்லிசையை மொழிச்சிதைவு என ஒதுக்கின், இப்பிள்ளைகளை யாப்பு மரபோடு இணைக்கும் பாலம் அறுபடும். சதுரகராதியின் தொடைப் பகுதியை முன்மாதிரியாகக் கொண்டு, மும்பைத் தமிழரின் வழக்குச் சொற்களுக்குச் செவிவழித் தொடையகராதி ஒன்று தொகுக்கப்பெறுதல் வேண்டும். யாப்பிலக்கணக் கல்வியை அப்பிள்ளைகள் அறிந்த சொற்களிலிருந்தே தொடங்க அது வழிசெய்யும்.