கில்பெக்கின் நாயும் முயலும்

இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டுக்குத் தென்மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டினாற்போல் இருக்கும் சிற்றூர் கில்பெக். அங்கே 1140-ஐ ஒட்டி நார்மன் காலத்தில் எழுந்த புனித மரியாள், புனித தாவீது ஆலயம் மிகச் சிறியது. மக்கள் கூடும் மண்டபம், பீடப் பகுதி, கடைசியில் அரைவட்டமாக ஓர் அறை, கட்டடம் அவ்வளவுதான். செல்வமெல்லாம் வெளிச்சுவரில் இருக்கிறது.

தெற்கு வாசலில் நின்றால் உள்ளே போக மனம் வராது. நிலைக்கு மேலே அரைவட்டக் கல்லில் கொடியோடிய ஜீவவிருட்சம். அதைச் சுற்றிய வளைவுகளில் அலகு நீண்ட தலைகளும் விலங்குகளும் வரிசைகட்டி நிற்கின்றன. பக்கத் தூண் ஒன்றில் காற்சட்டை போட்ட இரு வீரர்கள் கொடிகளுக்குள் சிக்கி நிற்கிறார்கள். அவர்கள் உடையின் மடிப்புகளை இணைகோடுகளாக இழைத்திருக்கிறான் சிற்பி. தொட்டால் துணி கசங்கும் என்றே தோன்றும். செம்மணற்கல் உறுதியானது, ஏறக்குறைய 900 ஆண்டு மழைக்குப் பிறகும் உளி போன தடம் தெரிகிறது.

கூரை விளிம்புக்கு அடியில் சுற்றிலும் தாங்குகற்கள், இன்று எஞ்சியவை 85. சிலுவையேந்திய ஆட்டுக்குட்டி, நரம்பிசைக் கருவி வாசிப்பவன், கட்டித் தழுவிய ஜோடி, கூச்சமின்றித் தன் பெண்மையை விரித்துக் காட்டும் ஷீலா-நா-கிக் என்று ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. புனிதமும் உலகியலும் ஒரே வரிசையில், ஒரே மதிப்போடு.

என் மனத்தைப் பறித்தது நாயும் முயலும். ஒரே கல்லில் பக்கம் பக்கமாக ஒட்டி இருக்கின்றன. நாய்க்குத் தொங்கிய காது, உருண்டு திரண்ட கண். துரத்தலும் இல்லை, பயமும் இல்லை. எத்தனை குறைந்த கோடுகளில் எவ்வளவு வாஞ்சை! ஒரு வெட்டு கூடியிருந்தாலும் அந்தக் கனிவு கெட்டிருக்கும். மேற்குச் சுவரில் வாய் பிளந்து நாக்கைச் சுருட்டும் டிராகன் தலைகளுக்குக் கொடுத்த அதே கவனத்தை இந்தச் சின்னஞ்சிறு ஜோடிக்கும் கொடுத்திருக்கிறான்.

அவன் பெயர் எங்கும் பதிவாகவில்லை. கலை வரலாற்றாசிரியர்கள் ஹெரிஃபோர்ட்ஷயர் சிற்ப மரபு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஷாப்டனிலும், இயர்ட்ஸ்லி ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியிலும் இதே மரபின் கைவண்ணம் உண்டு.

கில்பெக் போகிறவர்கள் கதவைத் திறக்கும் முன், தலையை நிமிர்த்தியபடி ஆலயத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள்.